வியாழக்கிழமை ஓடிய டீஃப்ராக்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பிரபாவதி வாட்சைப் பார்த்தாள். பத்தடி நடந்து மறுபடியும் பார்த்தாள். மணி பதினொன்று ஐந்து.

"மேடம், சும்மா அதையே பாத்துக்கினு இருந்தா முள்ளு இன்னும் ஜல்தியா ஓடும்," என்றான் அலெக்ஸ்.

"ஆறு மணி நேரம் கூட இல்ல அலெக்ஸ்."

"அஞ்சு மணி நேரம் அம்பத்தஞ்சு நிமிஷம். சில்லறைய விடாதீங்க."

அலெக்ஸுக்கு நாற்பத்தாறு வயது. இதே விழுப்புரம்–திண்டிவனம் ரூட்டில் பதினாறு வருஷம் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவன். முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டுப் போனதும் விசிலைக் கழற்றி வைத்தான். வாயைக் கழற்றி வைக்க மறந்துவிட்டான். அந்த வாயோடு விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடை மாடியில் இருந்த பிரபாவதியின் துப்பறியும் ஆபீசில் வந்து ஒட்டிக்கொண்டான். பிரபாவதி அவனைவிட எட்டு வயது சின்னவள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஒரு நாற்காலியில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

டைம் கீப்பர் கூண்டுப் பக்கத்தில் மலர்விழி நின்றுகொண்டிருந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். மார்போடு அணைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"போன்ல சொன்னத இன்னொரு வாட்டி சொல்லும்மா, நடந்துக்கினே," என்றாள் பிரபாவதி.

"நான் ஸ்ரீ சக்கரா ஸ்டூடியோல ஆறு வருஷமா கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மேடம். கோலியனூர் பொண்ணு சங்கவிக்கு போன வாரம் புதங்கிழம கல்யாணம். மொதலாளிதான் வீடியோ எடுத்தாரு. மறுநாள் நான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, கேமரா கார்டக் காலி பண்ணி வச்சிட்டேன். எப்பவும் அப்படித்தான். நேத்து சாயங்காலம் தொறந்து பாத்தா வீடியோ ஒண்ணு கூட இல்ல. நான்தான் அழிச்சேன்னு சொல்றாரு."

"நீ எதுக்கு அழிக்கணும்?"

"வேலைய விட்டுப் போறேனில்ல, அந்தத் திமிராம்." அவள் ஃபைலை மறுபடி திறந்தாள். உள்ளே அரசாங்க முத்திரை வைத்த ஒரே ஒரு தாள். "மூணு வாட்டி பரீட்ச எழுதி இந்தக் கவர்மென்ட் வேல இப்பத்தான் கெடச்சிது. திங்கக்கிழம விழுப்புரத்துல ஜாயின் பண்ணணும். அஞ்சு மணிக்குள்ள வீடியோ வரலன்னா ஸ்டேஷனுக்குப் போறேன்னு பொண்ணோட அப்பா சொல்லிட்டாரு. கேசுன்னு ஒண்ணு விழுந்துட்டா அவ்ளோதான் மேடம். எங்கப்பா நேத்துலருந்து ஒரு வாய் சாப்புடல."

"நேத்து மத்தியானம் நீ எங்க இருந்த?"

"வேலைல சேர வேண்டிய சர்டிஃபிகேட் ஜெராக்ஸ்ல கையெழுத்து வாங்க ஒரு ஆபீசருக்காகக் காத்துக்கினு இருந்தேன். ஒரு மணிக்குப் போயி மூணரைக்குத் திரும்புனேன். ஆபீசர் வரவேயில்ல."

"ஆக, நீ போனதுக்குச் சாட்சி, வராத ஆபீசரு," என்றான் அலெக்ஸ். "நல்ல சாட்சி. கூண்டுல ஏத்துனாலும் வர மாட்டாரு."

பிரபாவதி முறைத்தாள். அலெக்ஸ் வாயை மூடிக்கொண்டான், ஒரு நிமிஷத்துக்கு.

ஸ்டூடியோ ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் முதலாளி சக்கரபாணி. அறுபதை நெருங்கிய மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. பிரபாவதி நீட்டிய கார்டை வாங்கி இடது கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் படித்தார்.

"தாராளமா பாருங்க மேடம். ஆனா இன்னிக்கி வெள்ளிக்கிழம, இப்ப ராகுகாலம். பன்னெண்டு அடிக்கட்டும், உள்ள போவலாம்."

"அஞ்சு மணி கெடுவுல முக்கா மணி நேரத்த ராகுவுக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

"நல்ல காரியமோ கெட்ட காரியமோ, இந்த நேரத்துல நான் ஒண்ணத் தொட மாட்டேன் மேடம். முப்பது வருஷமா இந்தக் கடை நிக்குதுன்னா சும்மாவா?"

அலெக்ஸுக்குக் கால் பரபரத்தது. ஓடாத பஸ்ஸில் நிற்பதுபோல் ஒரு பேஜாரு அவனுக்கு வேறு கிடையாது. தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். எதிர்ப்பக்கம் இன்னொரு ஸ்டூடியோ, பளபளவென்று புது போர்டு. மனசுக்குள் அந்தக் கடைக்காரனுக்கு ஒரு கைவிலங்கை மாட்டிப் பார்த்தான். பொருத்தமாகத்தான் இருந்தது.

சரியாகப் பன்னிரண்டுக்கு ஒரு கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டியும் சிவந்த கண்ணுமாக இறங்கினார் பெண்ணின் அப்பா, கோலியனூர் திருமுருகன். சொந்த நிலத்தில் கரும்பு போடுகிறவர். குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

"மேடம், நான் யாரையும் கெடுக்க வரல. என் பொண்ணு கழுத்துல தாலி ஏறுன நேரத்துல எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சி. ஒண்ணுமே தெரியல. சரி, வீடியோல பாத்துக்கலாம்னு மனசத் தேத்திக்கினேன். இன்னிக்கி வந்து அந்த எடத்த மட்டும் பாக்கறேன்னு நேத்துக் காலைல சக்கரபாணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சாயங்காலம் போன் வருது, இந்தப் பொண்ணு எல்லாத்தையும் அழிச்சிட்டான்னு. வயிறு எரியுமா எரியாதா?"

"எரியும்," என்றாள் பிரபாவதி. "அஞ்சு மணி வரைக்கும் பொறுங்க சார்."

உள்ளே இருந்தது ஓட்டைப் பழைய கம்ப்யூட்டர். பிரபாவதி நின்றுகொண்டே மவுஸை உருட்டினாள். 'சங்கவி திருமணம்' என்று ஒரு ஃபோல்டர் காலியாகக் கிடந்தது. அது காலியான நேரம் நேற்று, வியாழன் மதியம் 1.26. அடுத்ததாக அவள் திறந்தது டீஃப்ராக் சாஃப்ட்வேரின் ரிப்போர்ட்.

"அது இன்னா மேடம், டீஃப்ராக்?"

"ஒரு குடும்பம் உங்க பஸ்ல ஏறுது. புருஷன் முன்னாடி, பொண்டாட்டி நடுவுல, புள்ளைங்க கடைசி சீட்டுல. டிக்கெட் குடுக்க என்ன பண்ணுவீங்க?"

"பஸ் பூரா அலையணும். எரிச்சலாத்தான் இருக்கும்."

"ஹார்ட் டிஸ்க்ல ஃபைலும் அப்படித்தான் சிதறி உக்காரும். கம்ப்யூட்டர் அலைஞ்சி அலைஞ்சி மெதுவாயிடும். எல்லாரையும் எழுப்பி, குடும்பம் குடும்பமா ஒரே வரிசைல உக்கார வச்சா அதான் டீஃப்ராக்."

"அழிச்ச ஃபைலு? பஸ்ஸ விட்டு எறங்கிட்டாரா?"

"இல்ல. டவல் போட்டு சீட்டுப் புடிச்சாரில்ல, அந்த டவல மட்டும் எடுத்துடுவாங்க. ஆளு அங்கேயேதான் குந்திக்கினு இருப்பாரு. வேற ஒருத்தர் வந்து அவர் மடில உக்காந்தாத்தான் காலி. டீஃப்ராக் ஓட்டுனா எல்லாரும் எடம் மாறுவாங்க. அப்ப எவனாவது மடில உக்காந்துடுவான்."

"ஓ. அழிச்ச ஆளு அதையும் ஓட்டிட்டாரா?"

பிரபாவதி திரையைக் காட்டினாள். தேதிகள் வரிசையாக இருந்தன. டிக்கெட் கட்டில் நம்பர் பார்த்துப் பழகிய அலெக்ஸின் கண் அதில் ஓடியது.

"மாசத்துக்கு ஒரு வாட்டி ஓட்டியிருக்காங்க. ஆனா ஒரே தேதி இல்லையே. இருவத்தொம்போது நாளு, முப்பது நாளு, மறுபடி இருவத்தொம்போது. மாசம் போவப் போவ தேதி முன்னாடி முன்னாடி நழுவுது." அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். கறுப்பு வட்டம் போட்ட தேதிகள். பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தான். "மேடம், அத்தனையும் அமாவாச."

"கம்ப்யூட்டர் மெக்கானிக்குதான் சொன்னாரு, மாசத்துக்கு ஒரு வாட்டி பண்ணா போதும்னு," என்றாள் மலர்விழி. "மொதலாளி அமாவாசைக்கு அமாவாச பூசணிக்கா ஒடைச்சி, கற்பூரம் காட்டிட்டு, கடைய மூடறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டருக்கும் பண்ணிடுவாரு. அந்த பட்டன மட்டும் என்னக் கூடத் தொட விட மாட்டாரு."

இந்த அமாவாசை செவ்வாய்க்கிழமை வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை டீஃப்ராக் ஓடியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. வியாழன், பிற்பகல் 3.01.

"பாத்தீங்களா?" சக்கரபாணி எழுந்து வந்துவிட்டார். "அமாவாசையத் தவிர நான் தொட்டதே கெடையாது. மூணு வருஷக் கணக்கு அதுலயே இருக்குது. வியாழக்கிழம ஓட்டுனது நான் இல்லன்னு அந்தக் கம்ப்யூட்டரே சொல்லுது. என்னத் தவிர கடையோட பாஸ்வேர்ட் தெரிஞ்சவ இவ ஒருத்திதான்."

நியாயமான பேச்சு. காப்பாற்ற வந்த இடத்தில் தேதியை எண்ணி இந்தப் பெண்ணைத் தானே மாட்டிவிட்டோமே என்று அலெக்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். மலர்விழி பக்கம் அவன் திரும்பவே இல்லை.

பிரபாவதி கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினாள். அழிந்ததைத் தேடி எடுக்கும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது, நத்தை அதைவிட வேகம்.

"திருமுருகன் சார், இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்காதீங்க. யாரும் மவுசத் தொடக்கூடாது, மலர்விழியும் சேத்து," என்றாள். பிறகு அலெக்ஸைப் பார்த்து, "டீ சாப்புடலாம் வாங்க" என்று வெளியே நடந்தாள்.

டீக்கடையிலும் அவள் உட்காரவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எதிர்க் கடைக்காரன்தான் மேடம். மூஞ்சியே சரியில்ல," என்றான் அலெக்ஸ்.

"அவரு மூஞ்ச நீங்க பாக்கவே இல்ல. கடையத்தான் பாத்தீங்க. ஒரு கேள்வி. மத்தியானம் 1.26க்கு வீடியோவ அழிச்சாச்சு. டீஃப்ராக் ஆரம்பிச்சது 3.01க்கு. திருட்டு வேலை பண்றவன் நடுவுல ஒண்ணரை மணி நேரம் எதுக்குச் சும்மா இருந்தான்?"

"சாப்புடப் போயிருப்பான்."

"பாதி வேலைய அப்படியே விட்டுட்டா? ஒரு கிளிக்குதான் பாக்கி. யார் வேணா உள்ள வரலாம்."

அலெக்ஸ் டீயை உறிஞ்சினான். ஒன்று இருபத்தாறு. மூன்று ஒன்று. வியாழக்கிழமை. அவனுடைய பஸ் முதலாளி ஒரு பழைய டயர் மாற்றுவதென்றாலும் நேரம் பார்க்கிறவர். பதினாறு வருஷம் அந்த மனிதரிடம் திட்டு வாங்கியவனுக்கு ஏழு நாளின் ராகுகாலமும் மனப்பாடம்.

"வியாழக்கிழம ஒண்ணரைலருந்து மூணு," என்றான்.

"அதேதான்."

"அடப்பாவி. அழிச்சிட்டு மணியப் பாத்திருக்கான், நாலு நிமிஷந்தான் இருக்குது. ராகுகாலம் முடியறவரைக்கும் குந்திக்கினு இருந்துட்டு, நல்ல நேரத்துல ஓட்டியிருக்கான்." அலெக்ஸ் கிளாஸைக் கீழே வைத்தான். "மலர்விழி எங்க ஆளு மேடம், கழுத்துல சிலுவ போட்டுக்கினு ஞாயித்துக்கிழம தவறாம சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு. அதுக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது. ஆனா ஒண்ணு, எங்கள்லயும் பாக்குறவங்க இருக்காங்க. எங்க மாமியா எனக்குப் பொண்ணு குடுக்கவே நேரம் பாத்தாங்க. அப்பவும் நான்தான் வந்து சேந்தேன்."

"அதனாலதான் இது சாட்சி ஆவாது. வீடியோ வேணும்."

"அதான் டீஃப்ராக் பண்ணிட்டாங்களே. மடில ஆளு உக்காந்திருப்பான்."

பிரபாவதி முதல் தடவையாக அன்றைக்குச் சிரித்தாள். "அந்த ரிப்போர்ட்ல தேதிய மட்டும் பாத்தீங்க. எவ்ளோ நேரம் ஓடுச்சின்னு பாக்கல. அமாவாசைக்கு ஓட்டுனதெல்லாம் ரெண்டரை மணி, மூணு மணி நேரம். வியாழக்கிழம ஓட்டுனது நாலே நிமிஷம்."

"ஏன்?"

"செவ்வாய்க்கிழமதான் எல்லாரையும் வரிசையா உக்கார வச்சாச்சே. ரெண்டு நாள் கழிச்சி கண்டக்டர் வந்து பாக்கறாரு, எல்லாரும் ஒழுங்கா உக்காந்திருக்காங்க. எழுப்பறதுக்கு ஒருத்தரும் இல்ல. விசில் அடிச்சிட்டுப் போயிட்டாரு. அடுக்குன அலமாரிய மறுபடி அடுக்க என்ன இருக்கு? அமாவாசையத் தவற விட்டிருந்தா, வியாழக்கிழம அது மூணு மணி நேரம் ஓடியிருக்கும். சங்கவி கல்யாணம் போயே போயிருக்கும்."

அலெக்ஸ் அவசரமாகக் காசைக் கொடுத்துவிட்டு அவளுக்கு முன்னால் ஓடினான்.

ஆனால் பச்சைக் கோட்டுக்கு யாருடைய அவசரமும் தெரியவில்லை. இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று. திருமுருகன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. மலர்விழி ஃபைலைத் திறந்தாள், மூடினாள். சக்கரபாணி மட்டும் அமைதியாக ஒரு பழைய ஆல்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வராது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாலு இருபதுக்குத் திரையில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. மொத்தம் பதினோரு வீடியோ.

ஆல்பத்தின் மேல் ஓடிய துணி நின்றது.

"தாலி கட்டற எடத்தப் போடுங்க மேடம்," என்றார் திருமுருகன். குரல் இறங்கிப் போயிருந்தது.

திரையில் மணமேடை வந்தது. ஹோமப் புகையில் சங்கவி கண்ணைக் கசக்கினாள். தேங்காய் மேல் வைத்த தாலி கூட்டத்தில் கை கையாகப் போய்த் திரும்பி மேடைக்கு வந்தது. மாப்பிள்ளை அதைக் கையில் எடுத்தார். திருமுருகன் முன்னால் குனிந்தார்.

படம் பட்டென்று நின்றது.

அடுத்த வீடியோவைப் போட்டாள் பிரபாவதி. அதில் தெரிந்தது தரை. சிதறிக் கிடந்த அட்சதை அரிசி, நடந்துபோகும் கால்கள், பந்தி நடக்கும் கூடத்தின் வாசலில் செருப்புக் குவியல். கேமரா யாருடைய இடுப்பிலோ தொங்கிக்கொண்டு வருகிறது. படத்தில் ஆளில்லை, குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"தாலி கட்டுன ஷாட்டு அமோகமா வந்திருக்குதுண்ணே. முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு நான் எடுத்தது இல்ல."

அதற்குப் பதில் சொன்ன குரல் திருமுருகனுடையது. "ரொம்ப சந்தோசம் சக்கரபாணி. மொதல்ல சாப்புடு."

வீடியோவில் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"புரிஞ்சிடுச்சி மேடம்," என்றான் அலெக்ஸ், வழக்கமான கேலி இல்லாமல். "ஓடிக்கினு இருந்த கேமராவ, ஓடலன்னு நெனச்சி பட்டன அமுக்கிட்டாரு. தாலி நேரத்துல அது நின்னு போச்சி. அப்புறம் நிறுத்தறதா நெனச்சி அமுக்குனாரு, பந்தி பூரா ஓடியிருக்குது."

"ஓடுதா இல்லையான்னு கேமராவுக்குள்ள சிவப்புப் புள்ளி தெரியுமே சக்கரபாணி சார்," என்றாள் பிரபாவதி.

"தெரியல மேடம்." அவர் ஆல்பத்தை மூடி வைத்தார். "வலது கண்ணுல பொரை விழுந்திருக்குது. ஒரு வருஷமாச்சி. ஆபரேஷன் பண்ணா ஒரு மாசம் கேமராவத் தொடக்கூடாதுன்னாங்க. அடுத்தடுத்து முகூர்த்தம். நேத்து அண்ணன் போன் பண்ணதும்தான் போட்டுப் பாத்தேன். உயிரே போயிடுச்சி. தாலியக் கோட்ட விட்டவன்னு ஊரே பேசும். அப்புறம் எவன் என்னக் கூப்புடுவான்? எல்லாத்தையும் அழிச்சிட்டேன். டீஃப்ராக் பண்ணா திரும்ப எடுக்க முடியாதுன்னு மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்துது."

திருமுருகன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப தாலி கட்டுனது எதுலயும் இல்ல."

"இல்லண்ணே."

"எடுக்கல, தப்பு நடந்துபோச்சின்னு சொல்லியிருந்தா நாலு வார்த்த திட்டியிருப்பேன். அழுதிருப்பேன். வீட்டுக்குப் போயிருப்பேன். அத விட்டுட்டு, என்னை வச்சே இந்தப் பொண்ண ஸ்டேஷனுக்கு அனுப்பப் பாத்தியேடா. நாளைக்கு நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு இதோட அப்பனப் பாப்பேன்?"

சக்கரபாணி மலர்விழி பக்கம் திரும்பினார். "உனக்குத்தான் கவர்மென்ட் வேல கெடச்சிடுச்சேம்மா. எப்படியும் ஊர விட்டுப் போறவ. ரெண்டு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்கன்னு நெனச்சேன். கேசு அது இதுன்னு போவும்னு நெனைக்கல."

"ஆறு வருஷம் சார்," என்றாள் மலர்விழி. அழுவாள் என்று அலெக்ஸ் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. கோபம் அவள் குரலில் நேராகவே இருந்தது. "பரீட்சைக்குப் படிக்க லீவு கேட்டப்ப, சீசன் முடியட்டும்னீங்க. நின்னேன். ரெண்டு வாட்டி அதனாலயே போச்சி. மூணாவது வாட்டி கெடச்சதையும் நீங்களே பறிச்சிக்கலாம்னு பாத்தீங்க."

பிரபாவதி வாட்சைப் பார்த்தாள். நாலு நாற்பது. "சக்கரபாணி சார், திங்கக்கிழம இந்தப் பொண்ணு வேலைக்குச் சேரணும். அதுக்குள்ள எவனாவது ஒரு மொட்டக் கடுதாசி போட்டா மறுபடி இதே கதை. நடந்தது நடந்தபடி ஒரு தாள்ல வேணும். திருமுருகன் சார் சாட்சிக் கையெழுத்துப் போடுவாரு."

"போடறேன்," என்றார் திருமுருகன்.

சக்கரபாணி தலையாட்டினார். நாற்காலியிலிருந்து நகர்ந்து, கீபோர்டை மலர்விழி பக்கம் தள்ளி வைத்தார். பில், கோட்டேஷன், பேங்க்குக் கடிதம் என்று ஆறு வருஷமாக அந்தக் கடையின் தாள் எல்லாம் அவள் அடித்ததுதான்.

"நீயே அடிச்சிக் குடும்மா. கையெழுத்துப் போட்டுர்றேன்."

பழக்க தோஷத்தில் அவள் விரல்கள் கீபோர்டு வரைக்கும் போய்விட்டன. அங்கேயே நின்று, திரும்பி ஃபைலைப் பிடித்துக்கொண்டன.

"வேணாம் சார். உங்க கையாலயே எழுதுங்க. நான் அடிச்சா, நாளைக்கு இதையும் நான்தான் பண்ணேன்னு சொல்லுவீங்க."

திருமுருகன் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.